ஐம்பத்தாறு மில்லிமீட்டர்

கடைக்காரன் ஓஸ்குவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்:
என் கண்மணிகள் இரண்டுக்கும் இடையே
ஐம்பத்தாறு மில்லிமீட்டர்தான்.
கண் மருத்துவர் அளந்து எழுதித் தந்த சீட்டு
கைப்பையில் இருக்கிறது.

அவன் சீட்டைப் பார்க்கவில்லை.
பத்துக்கு நாற்பத்திரண்டு என்று ஒன்றை எடுத்துத்
துணியால் துடைத்து நீட்டினான்.
ஔலு நகரத்தில் பறவை பார்க்கிற ஆண்கள் எல்லோரும்
இதைத்தான் வாங்குகிறார்களாம்.

வாசலில் நின்று சந்தைச் சதுக்கத்தைப் பார்த்தேன்.
மீன் வண்டியின் கூரையில் ஒரு கடற்காகம்.
அலகின் சிவப்புப் பொட்டு வரைக்கும் கிட்டே வந்தது,
வந்து நிற்காமல் துடித்தது.
பறவை சும்மாதான் இருந்தது. துடித்தது நான்.
பத்து மடங்கு பெரிதாக்கினால்
என் நாடியும் பத்து மடங்குதானே.

அடுத்தது உள்ளங்கை அளவு.
பையில் போட்டால் சாவிக்கொத்து மாதிரி கிடக்கும்.
இதை வைத்துக்கொண்டு நவம்பர் மூன்று மணிக்கு
லிமிங்கா விரிகுடாவில் எதைப் பார்ப்பது?
எங்கள் ஊர் வெளிச்சம் அப்போது
கஞ்சன் வீட்டு விளக்கு.

இன்னொன்றில் மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால்
ஓரமெல்லாம் கறுப்புப் பிறை.
அதற்கடுத்தது நல்லதுதான், ஆனால் கம்பளிக் கையுறைக்கு
அதன் சக்கரம் அகப்படவில்லை.
"கையுறையைக் கழற்றலாமே" என்றான் ஓஸ்கு.
மைனஸ் இருபதில் நீ கழற்று, தம்பி.

பத்தொன்பது வருஷம்
எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான் இருந்தது.
பெர்த்தியின் முகம் அகலம்.
அவன் பார்த்துவிட்டுத் தரும்போது
குழல்கள் இரண்டும் கால் பரப்பி உட்கார்ந்திருக்கும்.
நான் அவற்றை நெருக்கி,
வலக்கண் வளையத்தைத் திருகி,
மேலே தூக்குவதற்குள் பருந்து
ரஷ்ய எல்லையைத் தாண்டியிருக்கும்.
"பார்த்தாயா?" என்பான்.
பார்த்தேன் என்பேன்.

வளையத்தில் தன் அளவுக்கு
வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்திருந்தான்.
எனக்கும் ஒன்று வைக்கலாமென்று
அவனுக்குத் தோன்றவில்லை.
எனக்கும்தான்.
பிரிந்தபோது தட்டுகளை, தலையணைகளைப்
பாதிப் பாதியாக்கினோம்.
இதை மட்டும் முடியவில்லை,
சரியாக நடுவில் ஒரு கீல் இருந்தும்.

ஏழாவதோ எட்டாவதோ,
அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது.
எட்டு மடங்கு. ரப்பரில் ஒரு கீறல்.
காட்சிக்கு வைத்ததாம், விலை கொஞ்சம் குறைவு.
மடக்கினேன். மடக்க மடக்க மடங்கியது.
இரண்டு வட்டங்கள் நெருங்கி வந்து
சத்தமில்லாமல் ஒன்றாயின.
அதற்குள் அந்தக் கடற்காகம்
கொட்டாவி விட்டது.

"பத்து மடங்கு முதலில் ஆடும்,
போகப் போகப் பழகிவிடும்" என்றான் ஓஸ்கு.
பழகியதெல்லாம் போதும் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை. ரசீது போட்டான்.

அன்றிரவு சமையல் மேசையில்
பழைய நகச்சாயக் குப்பியைத் தட்டித் தட்டித் திறந்து
வளையத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.
கை நடுங்கிக் கொஞ்சம் வழிந்துவிட்டது.
இருக்கட்டும்.

ஏப்ரல் கடைசி. விரிகுடா பாதி உருகியிருந்தது.
கோபுரத்தின் மேலிருந்து பார்க்கிறேன்:
கீழே பலகைப் பாதையில் பெர்த்தி,
காது மூடும் அதே தொப்பி, எட்டு மடங்கு அருகில்.
கோட்டுப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருக்கிறான்.
கழுத்தில் அந்தப் பழையது.
வெள்ளைப் புள்ளி இருக்கிறதா, தெரியவில்லை.
அவ்வளவு சக்தி இதற்கில்லை.

கையுறை விரலால் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினேன்.
அவன் கரைந்துபோனான்.
வெகு பின்னால், போன வருஷத்து நாணலுக்குள்
இரண்டு பெருங்கொக்குகள்.
ஒன்று தலையைத் தூக்கியது,
மற்றது சகதியில் எதையோ
இன்னும் கொத்திக்கொண்டிருந்தது.

படியேறி வந்த யாரோ
"என்ன தெரிகிறது?" என்றார்.
இருங்கள் என்றேன்,
கண்ணிலிருந்து எடுக்காமல்.